இஸ்தான்பூலில் ஓர் அம்பறாத்தூணி

உம்ராவுக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நாலைந்து நாள் துருக்கியில் தங்கி வருகிறவர்கள் இன்று நம்மவரிடையே இருக்கிறார்கள். இன்ஷா அல்லாஹ், நீங்களும் ஒருநாள் போகக்கூடும். போனால், வழிகாட்டி உங்களை சுல்தான் அஹ்மத் பள்ளிவாசலுக்கும் ஆயா ஸோபியாவுக்கும் அழைத்துச் செல்வார். அடுத்து தோப்காபி மாளிகை. அங்கே மூன்றாம் முற்றத்தில், நபி (ஸல்) அவர்களோடு தொடர்புடையவை எனப் பேணப்பட்டுவரும் பொருட்கள் உள்ள அறையில் எல்லோரும் மௌனமாக நிற்பார்கள். குர்ஆன் ஓதும் ஓசை இடைவிடாமல் கேட்டுக்கொண்டிருக்கும். அந்தப் பொருட்களுள் ஒரு மூங்கில் வில்லும் உண்டு. அதற்கென்று வெள்ளியில் ஓர் உறை செய்வித்தவர் சுல்தான் முதலாம் அஹ்மத்.

அந்த வில்லைப் பார்த்துவிட்டு வெளியே வருகிற பலர் நேரே கடைகளுக்குப் போய்விடுகிறார்கள். சகோதரிகளே, நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். இரண்டாம் முற்றத்துக்குத் திரும்பி வாருங்கள். அங்கே பழைய வெளித் திறைசேரிக் கட்டடத்தில் உஸ்மானியர்களின் ஆயுதங்கள் வைக்கப்பட்டுள்ளன. வாள்களையும் கவசங்களையும் ஆண்கள் பார்த்துக்கொண்டிருக்கட்டும். நீங்கள் தேடவேண்டியது தோலால் செய்த அம்பறாத்தூணியை. ஊசி பிடித்துப் பழகிய கை உங்களுடையது என்றால், அந்த மண்டபத்தில் உங்களோடு அதிகம் பேசக்கூடிய பொருள் அதுதான்.

முதுகில் அல்ல, இடுப்பில்

அம்பறாத்தூணி என்றதும் பிள்ளைகளின் படக்கதைகளில் வருகிற, முதுகில் தொங்கும் நீண்ட குழாய்தான் நம் நினைவுக்கு வரும். துருக்கியரின் தூணி அப்படிப்பட்டதல்ல. அது தட்டையானது, கீழே ஒடுங்கி மேலே விரிந்தது. முன்பக்கம் தாழ்ந்தும் பின்பக்கம் உயர்ந்தும் இருக்கும். அம்புகளின் கீழ்ப்பாதிதான் உள்ளே இருக்கும்; இறகு கட்டிய மேற்பாதி விசிறியைப் போல வெளியே விரிந்து நிற்கும். இதனால் இறகுகள் நசியமாட்டா. கை தேடிப்போகும் அம்பும் உடனே அகப்படும்.

இது இடுப்பில், வலப் பக்கத்தில் தொங்கும். இடப் பக்கத்தில் வில்லுறை தொங்கும். இரண்டையும் தாங்குவது ஓர் இடுப்புவார். தூணியைத் துருக்கியர் 'திர்கேஷ்' என்பார்கள். பாரசீகத்திலிருந்து வந்த இந்தச் சொல்தான் உருதுவில் 'தர்கஷ்' என வழங்குகிறது. வில்லுறையும் தூணியும் சேர்ந்த சோடிக்கு 'ஸதாக்' என்று பெயர்.

ஏன் இடுப்பு? அந்த வில்லாளர்கள் குதிரை மீதிருந்து எய்தவர்கள். ஓடும் குதிரையில் கையை முதுகுக்குக் கொண்டுபோய் அம்பைத் தேட நேரமில்லை. இடுப்பிலென்றால், கடிவாளத்தை விட்ட கை ஒரு சாண் தூரம் போனால் போதும். இன்றும் ஒலிம்பிக் போட்டியில் அம்பெய்பவர்களைப் பாருங்கள். அவர்களின் தூணியும் இடுப்புப்பட்டியில்தான் தொங்குகிறது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் துருக்கிக்கு வில்வித்தையில் முதல் தங்கத்தைப் பெற்றுக்கொடுத்த மெதே காஸோஸ், 2024இல் பாரிஸ் பராலிம்பிக்கில் பெண்கள் தனிநபர் போட்டியொன்றில் தங்கம் வென்ற துருக்கிச் சகோதரி ஓஸ்னூர் ஜூரே போன்றோர், தூணியை இடுப்பில் கட்டிய அந்தப் பழைய வில்லாளர்களின் நாட்டிலிருந்து வந்தவர்களே.

இனி அந்தத் தூணியின் முகப்பைக் கவனியுங்கள். சிலவற்றில் வெல்வெட் துணிமேல் பொன் சரிகையும் வெள்ளிச் சரிகையும் ஓடுகின்றன. வேறு சிலவற்றில் ஒரு நிறத் தோலின்மேல் இன்னொரு நிறத் தோலைப் பூவாகவும் இலையாகவும் வெட்டிப் பதித்து, ஓரத்தைச் சரிகையால் தைத்திருக்கிறார்கள். துலிப், கார்னேஷன், வளைந்தோடும் நீண்ட இலை எனத் துருக்கியின் ஓட்டுச் சுவர்களிலும் கம்பளங்களிலும் நீங்கள் காணும் அதே பூக்கள் இங்கே ஒரு போர்வீரனின் இடுப்பிலும் மலர்ந்திருக்கின்றன. இந்தத் தூணிகளில் சில ஜெர்மனியில் கால்ஸ்ரூவ, ட்ரெஸ்டன் நகரங்களின் நூதனசாலைகளிலும் உள்ளன. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடந்த போர்களில் உஸ்மானியப் படைகளிடமிருந்து கைப்பற்றப்பட்டவையும் அவற்றுள் அடங்கும்.

இவ்வளவு அழகையும் பார்த்த பிறகு, பெரும்பாலோர் பார்க்காத ஓர் இடத்தைப் பாருங்கள். தூணி வாரோடு சேருகிற இடம் அது. பூ அங்கே இல்லை. தடித்த தோலும் நெருக்கமான தையலும் உலோக வளையமும்தான் இருக்கும். குதிரை பாயும்போது முழுப் பாரத்தையும் சுமப்பது அந்த இரண்டு விரல் அகலம். பூ உதிர்ந்தால் தூணி அழகிழக்கும். அந்தத் தையல் விட்டால் வீரன் அம்பில்லாமல் நிற்பான். செய்தவர் அல்லாஹ்வுக்கு அஞ்சிச் செய்தாரா என்பது அங்கேதான் தெரியும்.

தோல் வந்த வழி

இஸ்தான்பூலை 1453இல் வெற்றிகொண்ட சுல்தான் இரண்டாம் முஹம்மத், நகரச் சுவருக்கு வெளியே, யெதிகுலே கோட்டைக்கு அப்பால் கடலோரத்தில் தோல் பதனிடுவோரைக் குடியேற்றினார். கஸ்லிச்செஷ்மே என்பது அந்த இடத்தின் பெயர். ஏன் சுவருக்கு வெளியே என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். தோல் பதனிடும் இடத்தின் நாற்றம் அப்படி! தண்ணீரும் ஏராளமாக வேண்டும். ஐந்து நூற்றாண்டுகளுக்கும் மேலாக அங்கே இயங்கிய அந்தத் தொழில், 1990களின் தொடக்கத்தில் நகரின் ஆசியப் பக்கமான துஸ்லாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

பச்சைத் தோலை அப்படியே விட்டால் அழுகும். வெயிலில் காயவைத்தால் பலகைபோல விறைக்கும். அதைப் பதப்படுத்த மரங்களின் துவர்ப்பு வேண்டும். அனதோலியாவில் இதற்கு ஒருவகைக் கருவாலி மரத்தின் காய்க்கிண்ணங்களையும் சுமாக் என்ற செடியின் இலைகளையும் பயன்படுத்தினார்கள். சுமாக்கில் பதனிட்ட மெல்லிய ஆட்டுத்தோல் 'ஸஹ்தியான்' எனப் புகழ்பெற்றது. நம் நாட்டிலும் தென்னிந்தியாவிலும் இதே வேலைக்கு உதவியது ஆவாரம் பட்டை. நாம் ரணவரா என்று கொதிக்கவைத்துக் குடிக்கிறோமே, அதே செடிதான்.

"தோல் என்றால் சுத்தம் எப்படி?" என்று சிலர் கேட்கக்கூடும். பதனிடுதல் தோலைத் தூய்மையாக்கும் என்பதை ஃபிக்ஹ் நூல்கள் தனிப் பாடமாகவே விளக்குகின்றன. ஷாஃபிஈ மத்ஹபில் நாய், பன்றி ஆகியவற்றின் தோல் மட்டும் இதற்கு விலக்கு. ஆகவே, பதனிடுவோரின் தொட்டி நாற்றமெடுத்தாலும் அதிலிருந்து வெளிவருவது தூய பொருள். அக்கால முஸ்லிம் நகரங்களில் இத்தொழில் செய்தோர் தங்கள் தொழிலைத் தாழ்வாக எண்ணாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

ஈரத் தோலில் மலரும் பூ

இன்று மரபுவழி வில்லாளருக்காகத் தோல் தூணியும் வாரும் செய்வோர் மீண்டும் தோன்றியிருக்கிறார்கள். துருக்கியிலும் பிற நாடுகளிலும் அவர்கள் செய்யும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கைப்பணியில் ஆர்வமுள்ள சகோதரிகளுக்குச் சட்டென விளங்கும்.

முதலில் தடித்த அட்டையில் மாதிரி வெட்டுகிறார்கள், நாம் சட்டைக்குக் கடதாசியில் அளவு வெட்டுவது போலத்தான். பின்பு, மரத் துவர்ப்பால் பதனிட்ட மாட்டுத்தோலை எடுக்கிறார்கள். தூணியின் உடலுக்கு ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றர் தடிப்புப் போதும். வாருக்கு இன்னும் தடித்தது வேண்டும். வாரை மாட்டின் முதுகுப் பகுதித் தோலில்தான் வெட்டவேண்டும். வயிற்றுப் பகுதித் தோல் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரிந்தாலும் பாரம் ஏற ஏற நீளும். வாங்குபவருக்கு இது தெரியாது. வெட்டுபவருக்கு மட்டுமே தெரியும். ஒரு முழுத் தோலில் நல்ல பகுதி கொஞ்சம்தான். வயிற்றுத் தோலைக் கலந்தால் இலாபம் கூடும். தொழிலின் முதலாவது சோதனை இங்கேயே வந்துவிடுகிறது.

பிறகு தோலின் மேற்பக்கத்தைப் பஞ்சால் நனைக்கிறார்கள். ஊறவிடக் கூடாது, நனைத்துவிட்டுக் காத்திருக்கவேண்டும். தோலின் பழைய நிறம் திரும்பத் தொடங்க வேண்டும். ஆனால் கையை வைத்தால் குளிர்ச்சி தெரியவேண்டும். அதுதான் பக்குவம். ரொட்டிக்குக் குழைத்த மாவின் பதத்தைக் கை அறிவது போல, இதையும் கைதான் அறியும். அந்தப் பதத்தில் தோல் எதைப் பதித்தாலும் ஏற்றுக்கொள்ளும். காய்ந்த பின் விடாது. இரசாயனக் குரோமியத்தால் பதனிட்ட மென்மையான தோல் இப்படிப் பதிவை வைத்திருக்காது.

பூவின் கோட்டைச் சிறு கத்தியால் தோலின் பாதித் தடிப்புக்கும் குறைவாகக் கீறுகிறார்கள். கீறிய கோட்டின் ஒரு பக்கத்தை இரும்பு அச்சினால் தட்டித் தாழ்த்துகிறார்கள். மறுபக்கம் அப்போது தானாக உயர்ந்து தெரியும். இதழின் நரம்பும் இலையின் மடிப்பும் இப்படியே எழும்புகின்றன. பின்னணியை நுண்ணிய புள்ளி அச்சினால் அடித்து இருளாக்குகிறார்கள். ஒரு சாண் அகலப் பூவேலைக்கு ஆயிரக்கணக்கான சிறு தட்டல்கள் தேவைப்படும். ஒரு தட்டல் பிழைத்தால் அழிக்க முடியாது. துணியில் பிழைத்த தையலைப் பிரிக்கலாம். தோலில் விழுந்த தடம் விழுந்ததுதான்.

இரண்டு ஊசி, ஒரு நூல்

எல்லாவற்றையும் தாங்கும் தையல் இனித்தான் வருகிறது. வீட்டில் தையல் இயந்திரம் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். இயந்திரத்தில் மேல்நூல் ஒன்று, கீழே பொபினில் ஒரு நூல். இரண்டும் துணியின் நடுவில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. ஓரிடத்தில் நூல் அறுந்தால் இழுக்க இழுக்க அந்த வரிசை கழன்றுகொண்டே போவதை நீங்கள் கண்டிருப்பீர்கள்.

சேணக்காரர் தையல் வேறு விதம். நூல் ஒன்றே, அதன் இரு நுனியிலும் ஒவ்வோர் ஊசி. குத்தூசியால் துளையிட்டு, ஒரே துளையில் இரண்டு ஊசிகளையும் எதிரெதிராகச் செலுத்தி இறுக்குகிறார்கள். அடுத்த துளையிலும் அப்படியே. நூலில் தேன்மெழுகு பூசியிருப்பதால் துளைக்குள்ளே அது பிடித்துக்கொள்ளும். எங்கேனும் ஒரு தையல் அறுந்தாலும் பக்கத்துத் தையல்கள் நிற்கும். உள்ளும் புறமும் ஒரேவிதமாகத் தெரியும் தையல் இது. கடைசியில் இரண்டு மூன்று தையல் பின்னோக்கி வந்து முடிக்கிறார்கள்; முடிச்சு வெளியே தெரியாது.

இதைக் கையால்தான் செய்யமுடியும். அதனால் நேரம் அதிகம் பிடிக்கும். நேரம் பிடிப்பதால் ஏமாற்றவும் ஆசை வரும். இரண்டு துளைக்கு ஒரு துளையை விட்டுவிட்டாலும், நூலுக்கு மெழுகு பூசாவிட்டாலும், விற்கும் நாளில் யாருக்கும் தெரியப்போவதில்லை. இரண்டு வருடத்துக்குப் பின்னர்தான் தெரியும். அப்போது விற்றவர் எங்கேயோ, வாங்கியவர் எங்கேயோ. இந்த ஆசைக்கு அந்நாளைய மக்கள் என்ன மருந்து வைத்திருந்தார்கள் என்பதை அறிய, இன்னும் இரண்டு இடங்களுக்குப் போவோம்.

சேணக்காரர் தெரு

தோப்காபியிலிருந்து மேற்கே பாதிஹ் பகுதிக்குப் போகும் வழியில் ஸராச்ஹானே என்ற இடம் வரும். இன்று அங்கே மாநகரசபைக் கட்டடமும் பூங்காவும் பரபரப்பான வீதிகளும் இருக்கின்றன. 'ஸராச்' என்றால் சேணம் முதலிய தோற்பொருள் செய்பவர். சுல்தான் முஹம்மத் தம் பெரிய பள்ளிவாசலுக்கு அருகே கட்டிய சேணக்காரர் கடைத்தொகுதிதான் அந்த இடத்துக்குப் பெயரைக் கொடுத்தது. சேணம், கடிவாளம், இடுப்புவார், உறை, தூணி எனக் குதிரைக்கும் வீரனுக்கும் தேவையான தோல் வேலைகள் எல்லாம் இவர்கள் கைக்குரியவை. 1908இல் இப்பகுதியில் மூண்ட பெருந்தீயில் அந்தக் கடைத்தொகுதி எரிந்தது. அந்தக் காலத்தில் குதிரைப்படையின் யுகமும் முடிந்துகொண்டிருந்தது. பெயர் மட்டும் எஞ்சியது.

அங்கே ஒரு தொழில் பழகப் போகும் பையன் முதலில் எடுபிடி, பின்பு உதவியாளன், அதன் பின்னரே உஸ்தாத். ஒவ்வொரு தொழிலுக்கும் தனிச் சங்கம் இருந்தது. வேலையின் தரத்தையும் விலையையும் அது கவனித்தது. துருக்கியில் இன்றும் ஒருவர் மதிப்பிழந்தால், "அவருடைய சப்பாத்து கூரைக்குப் போய்விட்டது" என்பார்கள். மோசமாகத் தைத்த சப்பாத்தைச் சங்கத்தார் எல்லோரும் காணும்படி கூரைமேல் எறிந்துவிடுவார்கள், அதிலிருந்து வந்த பேச்சு இது என்று விளக்கம் சொல்கிறார்கள்.

புத்தளம் வந்த பயணி கண்டது

நம் நாட்டுக்கு 1344இல் வந்து, புத்தளத்தில் இறங்கி, ஆதம் மலைக்கு ஏறிய இப்னு பதூதாவைத் தெரியாதவர் நம்மில் இல்லை. அவர் இங்கே வருவதற்கு ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அனதோலியா முழுவதும் சுற்றியவர். தென்கரையிலுள்ள அந்தாலியா நகரில் அவருக்கு நேர்ந்ததை அவரே எழுதியிருக்கிறார்.

பழைய உடையும் கம்பளித் தொப்பியும் அணிந்த ஒருவர் வந்து, அவர் தங்கியிருந்த இடத்து ஷெய்கிடம் துருக்கி மொழியில் ஏதோ சொன்னார். "இவர் உங்களையும் உங்கள் தோழர்களையும் விருந்துக்கு அழைக்கிறார்" என்றார் ஷெய்க். இப்னு பதூதா சம்மதித்தார். வந்தவர் போனதும், இந்த ஏழைக்கு நாம் ஏன் பாரமாக வேண்டும் என்று தயங்கினார். ஷெய்க் சிரித்துவிட்டார். வந்தவர் தோல் தைக்கும் தொழிலாளி. ஆனால் பல்வேறு தொழில் செய்யும் இருநூறு பேர் தங்கள் தலைவராகத் தெரிந்தெடுத்தவர். அவர்கள் சேர்ந்து விருந்தினருக்கென ஒரு மடம் கட்டியிருக்கிறார்கள். பகலில் உழைப்பதை இரவில் அங்கே பகிர்ந்து செலவிடுகிறார்கள். அன்றிரவு இப்னு பதூதா போனபோது அழகிய கம்பளங்களையும் கண்ணாடி விளக்குகளையும், இடுப்பில் கத்தி செருகி வரிசையாக நிற்கும் இளைஞர்களையும் கண்டார்.

இவர்கள்தான் 'அஹீ'கள். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து, கிர்ஷெஹிர் நகரில் அடக்கமாகியிருக்கும் அஹீ எவ்ரான் என்ற பெரியாரைத் துருக்கியின் தோல் பதனிடுவோர் தங்கள் வழிகாட்டியாகக் கொண்டார்கள். அஹீகளின் வழக்கத்தில் ஒருவர் தொழிலில் தேர்ந்ததற்கு அடையாளம் இடுப்பில் கட்டும் ஒரு கச்சை. உஸ்தாத் தம் கையால் அதைக் கட்டிவிட்டு உபதேசம் சொல்வார். கையும் வாசலும் சாப்பாட்டு விரிப்பும் திறந்திருக்க வேண்டும்; கண்ணும் இடுப்பும் நாவும் கட்டுப்பட்டிருக்க வேண்டும் என்பது அவர்களுடைய போதனையின் சாரம்.

தோலில் இடுப்புவார் வெட்டுகிறவன் தன் இடுப்பிலும் ஒன்று கட்டியிருந்தான் என்பதை எண்ணிப் பாருங்கள். வயிற்றுத் தோலைக் கலக்கவும் தையலை விட்டுவிடவும் ஆசை வருகிறபோது, அவனைத் தடுத்தது அந்தக் கச்சை. மேற்பார்வைக்கு ஆள் வைத்து இதைச் செய்யமுடியாது. தையலின் உட்பக்கத்தைப் பார்க்கிற ஒருவன் இருக்கிறான் என்ற நம்பிக்கை வேண்டும்.

இதில் பெண்கள் எங்கே என்று கேட்பீர்கள். 15ஆம் நூற்றாண்டில் எழுதிய உஸ்மானிய வரலாற்றாசிரியர் ஆஷிக் பாஷா ஸாதே, அனதோலியாவில் இருந்த குழுக்களைச் சொல்லும்போது 'அனதோலியாவின் சகோதரிகள்' எனப் பொருள்படும் பெயரில் ஒரு குழுவையும் குறிப்பிடுகிறார். அதற்குத் தலைவியாக இருந்தவர் அஹீ எவ்ரானின் மனைவி பாத்திமா என்று மக்கள் வழக்கு சொல்கிறது.

அம்பு மைதானம்

கடைசியாக, பொற்கொம்பு என்ற கடல் நீரேரியின் வடக்கே, மேட்டிலுள்ள ஒக்மெய்தானுக்கு வாருங்கள். 'அம்பு மைதானம்' என்பது பொருள். நகரத்தை வென்றதும் சுல்தான் முஹம்மத் இதை அம்பெய்பவர்களுக்காக ஒதுக்கினார். அவருடைய மகன் இரண்டாம் பயஸீத் வில்லாளர்களுக்கென்று இங்கே ஒரு மடம் அமைத்தார். வுழூவோடு மைதானத்துக்கு வருவதும், அம்பை விடும்போது "யா ஹக்" என்பதும் இங்கே ஒழுக்கமாக இருந்தன. வில்லாளராகப் பதிவு பெற 900 'கெஸ்' தூரம் எய்து காட்டவேண்டும். ஒரு கெஸ் ஏறத்தாழ 66 சென்ரிமீற்றர். எனவே அது ஏறத்தாழ 594 மீற்றர்! சாதனைத் தூரம் எய்தவர்களின் அம்பு விழுந்த இடங்களில் அழகிய எழுத்துப் பொறித்த கற்கள் நாட்டப்பட்டன. சுல்தான் இரண்டாம் மஹ்மூத் தாமே பெரிய வில்லாளர். அவருக்கும் இங்கே கல் உண்டு.

துப்பாக்கி வந்த பிறகும் வில் விளையாட்டாக நீடித்தது. ஆனால் 20ஆம் நூற்றாண்டில் அது ஏறத்தாழ அற்றுப்போனது. 1950களின் பின்னர் வேலை தேடி இஸ்தான்பூலுக்கு வந்த ஏழை மக்களின் குடிசைகள் மைதானத்தை நிறைத்தன. கற்கள் சில வீடுகளுக்கிடையே அகப்பட்டன. சில காணாமல் போயின. அந்த மக்களைக் குறைகூற முடியாது. தலைக்கு மேல் கூரை வேண்டுமே.

அந்த இருண்ட காலத்தில் திரியை அணையவிடாமல் காத்தோரில் ஒருவர் நெஜ்முத்தீன் ஒக்யாய் (1883-1976). உஸ்குதாரில் பள்ளிவாசல் இமாமாக இருந்த அவர், அரபெழுத்துக் கலைஞர், வர்ணக் கடதாசி செய்பவர், தோலில் நூற்கட்டுபவர், ரோஜா வளர்ப்பவர், வில்லாளர். 'ஒக்யாய்' என்ற குடும்பப் பெயருக்கு 'அம்பு-வில்' என்றே பொருள். ஆனாலும், ஒருவருக்குத் தெரிந்ததெல்லாம் அடுத்தவர் கைக்கு மாறுவதில்லை. கைத்தொழில் ஒரே ஒரு தலைமுறை கற்காமல் விட்டால் போதும், அடுத்த தலைமுறைக்குக் கண்ணாடிப் பெட்டிதான் உஸ்தாத். இன்று தூணி செய்வோர் பழைய நூல்களையும் நூதனசாலையிலுள்ள தூணிகளையும் பார்த்து, தையல் எண்ணி, தடிப்பு ஊகித்து, இழந்ததை மீட்டெடுக்கிறார்கள்.

அந்த உழைப்பு வீண்போகவில்லை. ஒக்மெய்தானின் வில்லாளர் மடம் மீளக் கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்டது. 2019இல் யுனெஸ்கோ துருக்கியின் மரபுவழி வில்வித்தையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பயில்வோரில் பெண்களின் தொகையும் கூடிவருகிறது. ஹிஜாபோடு நின்று, இடுப்பில் தூணி கட்டி, நாணை இழுக்கும் மாணவிகளை இன்று துருக்கியில் காணலாம்.

உஹதின் தூணியும் தோற்பையும்

இதையெல்லாம் பார்த்து வியக்கிற நாம், தூர தேசத்தின் பெருமையாக மட்டும் எண்ணிவிடக் கூடாது. அம்பறாத்தூணி நம் ஹதீஸ்களிலேயே இருக்கிறது. உஹத் போர்க்களத்தில் நபி (ஸல்) அவர்கள் தம் தூணியிலிருந்த அம்புகளை ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரழி) அவர்களுக்காகக் கொட்டிக் கொடுத்ததை ஸஹீஹுல் புகாரியில் காண்கிறோம். அதே போரைப் பற்றி அனஸ் (ரழி) அறிவிக்கும் செய்தியில், தூணியோடு யாராவது கடந்து போனால், அதிலுள்ள அம்புகளை அபூ தல்ஹாவுக்குக் கொட்டும்படி நபியவர்கள் சொன்னது வருகிறது. அபூ தல்ஹா (ரழி) அவர்களின் மனைவி உம்மு ஸுலைம் (ரழி). அவரும் ஆயிஷா (ரழி) அவர்களும் தோல் தண்ணீர்ப் பைகளை முதுகில் சுமந்து ஓடி ஓடி, காயப்பட்டோரின் வாயில் தண்ணீர் ஊற்றியதும் அதே செய்தியில்தான் இருக்கிறது. கணவரின் தூணியும் தோல், மனைவி சுமந்த பையும் தோல். அன்று அந்தத் தையல்களில் ஒன்று விட்டிருந்தால் என்னவாகியிருக்கும்!

அந்தத் தோலைப் பதனிட்டுத் தைத்த கைகள் யாருடையவை? எல்லாவற்றையும் நாம் அறியோம். ஆனால் ஒரு கையை அறிவோம். உம்முல் முஃமினீன் ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரழி) அவர்கள் கைவேலையில் தேர்ந்தவர். தோல் பதனிடுவார், தோல் தைப்பார், கிடைப்பதை அல்லாஹ்வின் பாதையில் ஸதகா செய்வார் என்று ஆயிஷா (ரழி) அவர்கள் கூறியிருக்கிறார்கள். அங்கே தோல் தைப்பதற்கு வரும் அரபுச் சொல் 'கர்ஸ்'. அந்தாலியாவில் விருந்துக்கு அழைத்தவரை இப்னு பதூதா 'கர்ராஸ்' என்றாரே, அதே வேர்ச்சொல்தான். தோல் தைத்து உழைத்ததைப் பிறருக்குக் கொடுத்த அந்த மனிதருக்கு முன்னோடி, மதீனாவில் ஒரு பெண்.

ஆகவே சகோதரிகளே, அடுத்த முறை கடையில் பிள்ளைக்கு இடுப்புப்பட்டியோ கைப்பையோ வாங்கும்போது முகப்பின் பளபளப்போடு நின்றுவிடாதீர்கள். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். தோலென்றால் நார் தெரியும். ரெக்சின் என்றால் துணியும் அதன்மேல் ஒரு பூச்சும் தெரியும். திருப்பி உட்பக்கத் தையலைப் பாருங்கள். கொக்கி சேரும் இடத்தை இழுத்துப் பாருங்கள். வீட்டிலுள்ள நல்ல தோற்பொருளைப் பொலித்தீனில் கட்டி வைக்காதீர்கள். நம் ஈரக் காற்றில் பூஞ்சணம் பிடிக்கும். பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். நனைந்தால் வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்துங்கள்.

உங்களுக்குத் தெரிந்த ஒரு கைவேலை இருக்குமே: பன்பாய் இழைத்தல், எம்பிராய்டரி, சட்டை தைத்தல், எதுவாயினும் சரி. அதை மகளுக்கோ மருமகளுக்கோ இந்த விடுமுறையில் சொல்லிக்கொடுங்கள். முதலில் பூவைக் கற்பிக்கவேண்டாம். முடிச்சு தெரியாமல் முடிப்பதையும், பின்பக்கம் சுத்தமாக இருப்பதையும் கற்பியுங்கள். பூவை அவள் பிறகு தானே போட்டுக்கொள்வாள்.